நன்னூல் சொன்ன பத்துக் குற்றங்களும் விளையாட்டுச் சம்மேளனங்களின் பேச்சும்

தாராவியிலிருந்து மித்தி ஆற்றைத் தாண்டினால் பாந்த்ரா-குர்லா காம்ப்ளெக்ஸ். அங்குள்ள ஜியோ வேர்ல்ட் சென்டரில் 2023 அக்டோபர் 15 முதல் 17 வரை சர்வதேச ஒலிம்பிக் கமிட்டியின் 141ஆவது கூட்டம் நடந்தது. அந்தக் கமிட்டி இந்தியாவில் கூடியது அது இரண்டாவது தடவை. முதல் தடவை 1983இல் டில்லியில் கூடியது. இந்த மும்பைக் கூட்டத்தில், 16ஆம் தேதி, 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட்டைச் சேர்ப்பது என்று முடிவாயிற்று. 1900 பாரிஸ் ஒலிம்பிக்குக்குப் பிறகு, 128 வருஷம் கழித்து. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் நம்மவர்களுக்கு அன்று ஒரே சந்தோஷம். எனக்கும்தான்.

ஆனால் காரணம் சொன்ன விதம் எனக்கு நெருடலாக இருந்தது. லாஸ் ஏஞ்சலஸ் அமைப்புக் குழுவின் விளையாட்டு இயக்குநர் நிக்கோலோ காம்ப்ரியானி, துப்பாக்கி சுடுதலில் தாமே ஒலிம்பிக் தங்கம் வாங்கியவர். விராட் கோலியைச் சமூக ஊடகங்களில் பின்தொடர்பவர்கள் 34 கோடிப் பேர், அது லெப்ரான் ஜேம்ஸ், டாம் பிரேடி, டைகர் வுட்ஸ் மூவரையும் கூட்டினாலும் அதிகம் என்ற பொருளில் அவர் பேசினார். ஒரு விளையாட்டை ஏற்பதற்கு அது எத்தனை நாட்டில் ஆடப்படுகிறது, விதி ஒழுங்காக இருக்கிறதா, பெண்களுக்கும் இடம் உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள் என்று நாம் நினைத்திருப்போம். அதையும் பார்த்திருப்பார்கள். ஆனால் சபையில் எடுத்து வைக்கிற காரணமாகக் கைபேசிக் கணக்கு வந்துவிட்டது. அன்றைக்கே ஸ்குவாஷும் உள்ளே வந்தது. நம் சென்னை ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கலும் ஆடிய அந்த விளையாட்டு வருஷக்கணக்காக வாசலில் நின்றது. அதற்கு ஒரு கோலி இல்லை, பாவம்.

சம்மேளனம் எதை எண்ணுகிறதோ அதற்குத் தக்கபடிதான் அதன் பேச்சும் அமையும். பின்தொடர்பவரை எண்ண ஆரம்பித்தால், பின்தொடர்பவருக்காகப் பேச ஆரம்பித்துவிடும். இந்தப் பேச்சை ஒரு நூலாக எடுத்துக்கொண்டு குணம் குற்றம் பார்க்கலாமே என்று தோன்றியது. நூலின் குணம் குற்றம் பார்க்க நம்மிடம் அளவுகோல் இல்லாமலா போயிற்று? பவணந்தி முனிவர் எங்கள் சமணத் துறவி. சீயகங்கன் கேட்டுக்கொள்ள அவர் இயற்றிய நன்னூல், பாயிரத்திலேயே நூலுக்குப் பத்துக் குற்றம், பத்து அழகு என்று வகுத்து வைத்திருக்கிறது. குன்றக் கூறல், மிகைபடக் கூறல், கூறியது கூறல், மாறுகொளக் கூறல், மயங்க வைத்தல் இவை எல்லாம் அந்தப் பத்தில் அடக்கம். இது இலக்கண நூலுக்குச் சொன்னது, எக்ஸுக்கும் இன்ஸ்டாகிராமுக்கும் எப்படிப் பொருந்தும் என்று புலவர்கள் கேட்கலாம். சம்மேளனம் என்பது விதி செய்கிற இடம். விதி செய்பவர் எங்கே பேசினாலும் அது நூலின் தன்மை உடையதுதான் என்பது என் பதில்.

ஒரு வியாபாரியாக இன்னொன்றும் சொல்லவேண்டும். சந்தையில் கூவி விற்பவர் உண்டு. எடைக்கல்லைச் சோதித்து முத்திரை போடுகிற சர்க்கார் ஆள் உண்டு. கூவுகிறவர் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார். அது சந்தை வழக்கம், யாரும் தப்பாக எடுத்துக்கொள்வதில்லை. முத்திரைக்காரரே தெருவில் நின்று கூவினால் என்ன ஆகும்? அடுத்த வருஷம் அவர் போடுகிற முத்திரையை யார் நம்புவார்? விளையாட்டுச் சம்மேளனங்கள் இரண்டு வேலையையும் ஒரே வாயால் செய்ய ஆரம்பித்திருக்கின்றன.

கிரிக்கெட்டில் ஒன்று பார்ப்போம். 2023 நவம்பர் 6, டில்லி. உலகக் கோப்பையில் இலங்கைக்கும் வங்காளதேசத்துக்கும் ஆட்டம். ஆஞ்சலோ மாத்யூஸ் மட்டையோடு வந்தார், ஹெல்மெட்டின் வார் அறுந்தது, வேறு ஹெல்மெட் கேட்டார். ஷாகிப் அல் ஹசன் முறையிட்டார். நேரம் கடந்ததாக அவுட். சர்வதேச ஆட்டத்தில் அப்படி அவுட்டானவர் அவர்தான் முதல். எம்.சி.சி. சட்டப்படி மூன்று நிமிஷம். அந்தப் போட்டியின் விதிப்படி இரண்டே நிமிஷம். நம் வீடுகளில் டி.வி. பார்த்துக்கொண்டிருந்த எத்தனை பேருக்கு இந்த வித்தியாசம் தெரியும்? அன்று இரவே மாத்யூஸ், வார் அறுந்தபோதும் தமக்கு ஐந்து விநாடி பாக்கி இருந்தது என்று எக்ஸில் வீடியோ ஆதாரம் போட்டார். நடுவர் ஒருவர் தொலைக்காட்சியில் விளக்கம் சொன்னார். சட்டத்தைப் பாதுகாக்கிற எம்.சி.சி. சில நாள் கழித்து, நடுவர் செய்தது சரிதான், நடுவரிடம் முதலில் சொல்லிவிட்டு ஹெல்மெட்டை மாற்றியிருந்தால் பிரச்சனையே இல்லை என்று அழகாகத் தெளிவுபடுத்தியது. அந்தத் தெளிவு அன்று ராத்திரியே வந்திருந்தால் இரண்டு நாட்டு ரசிகர்கள் ஒருவரையொருவர் அத்தனை ஏசியிருக்க மாட்டார்கள். குன்றக் கூறல் என்பது குறைவாகச் சொல்வது மட்டுமல்ல. சொல்லவேண்டிய நேரத்தில் சொல்லாததும் அதில் சேரும் என்று நான் பொருள் கொள்கிறேன்.

கிரிக்கெட்டை அதோடு விடுகிறேன். அதைப் பற்றி எழுத ஊரில் ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நம் குடும்பங்களுக்கு இன்று நெருக்கமானது சதுரங்கம். செம்பூரில் ஒரு கட்டடத்தில் நாலு தமிழ்க் குடும்பம் இருந்தால் அதில் ஒரு பிள்ளையாவது சதுரங்க வகுப்புக்குப் போகிறது. அந்தப் பிள்ளைகளின் பேர் கடைசியில் போய்ச் சேருவது ஃபிடே என்ற உலகச் சதுரங்கச் சம்மேளனத்தின் பட்டியலில். 1924இல் பாரிஸில் பிறந்தது, இப்போது சுவிட்சர்லாந்து லோசானில் இருக்கிறது. உலகத்தார் அனைவரும் ஒரே இனம் என்ற பொருளில் லத்தீனில் ஒரு வாசகத்தை அது குறிக்கோளாக வைத்திருக்கிறது. நம் கணியன் பூங்குன்றனாருக்கு இது புதிசல்ல.

முதலில் நல்லதைச் சொல்லிவிடுகிறேன். 2022இல் ரஷ்யாவில் நடக்கவிருந்த 44ஆவது செஸ் ஒலிம்பியாட், உக்ரைன் போர் காரணமாக மாமல்லபுரத்துக்கு வந்தது. சில மாதங்களே அவகாசம். 180க்கு மேற்பட்ட நாடுகள். சென்னை நேப்பியர் பாலத்துக்குச் சதுரங்கக் கட்டம் போல் வர்ணம் அடித்தார்கள். சின்னமாக வேட்டி சட்டை கட்டிய குதிரை. அதற்குப் பேர் ‘தம்பி’. அந்த ஒரு சொல்லை உலகம் பூராவும் உச்சரித்தார்கள். அது உறவுச் சொல். யாரையும் தூரத்தில் நிறுத்தாது. ஊர்பேர் தெரியாத பிள்ளையைக்கூட நாம் தம்பி என்றுதான் கூப்பிடுகிறோம். சுருங்கச் சொல்லல், நன்மொழி புணர்த்தல் என்ற இரண்டு அழகும் அதில் இருந்தன. உள்ளூர்க்காரர்கள் வைத்த பேர் என்பதால்தான் அப்படி அமைந்தது. லோசானில் உட்கார்ந்து யோசித்திருந்தால் தம்பி வந்திருக்க மாட்டான்.

பேர் என்றதும் ஒரு கிளைக்கதை. ஃபிடே பட்டியலில் விஸ்வநாதன் ஆனந்தின் பேரில் விஸ்வநாதன் என்பது அவர் தகப்பனார் பேர். ஆனந்த் என்பதுதான் அவர் பேர். மேல்நாட்டார் அப்பா பேரைச் சொந்தப் பேராக எடுத்துக்கொண்டு, அதையும் சுருக்கி ‘விஷி’ என்று கூப்பிட்டார்கள். அவரும் பெருந்தன்மையாக விட்டுவிட்டார். பிரக்ஞானந்தா ஆர் என்பதில் ஆர் அப்பா ரமேஷ்பாபு. குகேஷ் டி என்பதில் டி என்பது தொம்மராஜு என்கிற குடும்பப் பேர். இரண்டும் பட்டியலில் ஒரே மாதிரிதான் நிற்கின்றன. அக்கா தம்பி இரண்டு பேரும் கிராண்ட்மாஸ்டர்கள். அக்கா வைஷாலிக்கு அப்பா பேர் முழுசாக வருகிறது, தம்பிக்கு ஓரெழுத்துதான். இதை மயங்க வைத்தல் என்று சொன்னால் கோபித்துக்கொள்வார்களோ என்னவோ. இங்கே பள்ளிக்கூடத்தில் பேர், அப்பா பேர், ஆட்நாவ் என்று மூன்று கட்டத்தை நிரப்பச் சொல்லும்போது நம் குடும்பங்கள் திண்டாடுகிற திண்டாட்டம்தான் இதுவும்.

இனி குற்றத்துக்கு வருகிறேன். 2022 செப்டம்பர் 4ஆம் தேதி அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரில் மாக்னஸ் கார்ல்சன், ஹான்ஸ் நீமன் என்ற 19 வயசுப் பையனிடம் தோற்றார். மறுநாள் போட்டியிலிருந்து விலகி, எக்ஸுக்கு அப்போது பேர் ட்விட்டர், அதில் ஒரு கால்பந்துப் பயிற்சியாளரின் வீடியோத் துண்டைப் போட்டார். வாயைத் திறந்தால் எனக்குத்தான் ஆபத்து என்று அந்தப் பயிற்சியாளர் சொல்கிற துண்டு. கார்ல்சன் சொந்தமாக ஒரு குற்றச்சாட்டும் எழுதவில்லை. ஆனால் அந்தப் பையன் திருட்டாட்டம் ஆடினான் என்று உலகமே பேச ஆரம்பித்தது. ஃபிடே வாய் திறந்து அறிக்கை விட்டது செப்டம்பர் 23ஆம் தேதி. நடுவில் பதினெட்டு நாள். பிறகு குழு போட்டார்கள், விசாரித்தார்கள். 2023 டிசம்பரில்தான் முடிவு வந்தது. தகுந்த காரணம் இல்லாமல் விலகியதற்காகக் கார்ல்சனுக்கு 10,000 யூரோ அபராதம், மற்றக் குற்றச்சாட்டுகளில் அவர் மேல் தப்பில்லை. தீர்ப்பு நிதானமாக வரட்டும், அதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. ‘விசாரிக்கப்போகிறோம், அதுவரை ஒருவரையும் குற்றவாளி என்று சொல்லாதீர்கள்’ என்று ஒரு வரி எழுத எத்தனை நாள் ஆகும்?

அவர்களால் முடியாது என்றும் சொல்ல முடியாது. 2024 டிசம்பர் 12ஆம் தேதி சிங்கப்பூரில் குகேஷ் பதினாலாவது ஆட்டத்தில் டிங் லிரனை வென்று 7.5க்கு 6.5 என்று உலகச் சாம்பியன் ஆனார். பதினெட்டு வயசு. அதற்கு முன் இளைய சாம்பியன் 1985இல் 22 வயசு காஸ்பரோவ். டிங் வேண்டுமென்றே தோற்றார் என்று ரஷ்யச் சம்மேளனத் தலைவர் ஒரு புகைச்சலைக் கிளப்பினார். ஃபிடே தலைவர் துவார்கோவிச் உடனே மறுத்தார். தவறு செய்வது எந்த விளையாட்டிலும் உள்ளதுதான் என்ற கருத்தில் நாலு வார்த்தை. புகை அடங்கிவிட்டது. நம்ம பையன் மேல் பட இருந்த கரியை அந்த நாலு வார்த்தை துடைத்தது. அதே ஆட்கள்தான், அதே கைபேசிதான்.

அடுத்த இரண்டு வாரத்திலேயே சறுக்கினார்கள். டிசம்பர் 27, நியூயார்க், ரேபிட் உலகப் போட்டி. கார்ல்சன் ஜீன்ஸ் போட்டுக்கொண்டு வந்தார். உடை விதிப்படி 200 டாலர் அபராதம், மாற்றிக்கொண்டு வா என்றார்கள். நாளைக்கு மாற்றுகிறேன், இன்று முடியாது என்றார். அடுத்த சுற்றில் அவருக்கு ஜோடி போடவில்லை. விலகிவிட்டார். அன்று ஃபிடே எக்ஸில் போட்ட அறிக்கையை நான் இரண்டு தடவை படித்தேன். விதி என்ன, அது எத்தனை காலமாக இருக்கிறது, அன்றைக்கே நெப்போம்னியாச்சிக்கும் விளையாட்டுக் காலணிக்காக அபராதம் போட்டதும் அவர் மாற்றிக்கொண்டு வந்து ஆடியதும் வரிசையாக இருந்தன. ஒரு அலங்காரச் சொல் கிடையாது. முறையின் வைப்பு என்ற அழகுக்கு இதைவிட உதாரணம் வேண்டாம். இரண்டே நாள். கைபேசி உலகம் முழுக்கக் கார்ல்சன் பக்கம் சாய்ந்தது. நேர்த்தியான சிறு மாறுதல்களுக்கு இடம் கொடுப்போம் என்று தலைவரே அறிக்கை விட்டார். கார்ல்சன் ஜீன்ஸோடு பிளிட்ஸ் போட்டிக்குத் திரும்பி வந்தார். விதியைத் தளர்த்துவது தப்பல்ல. ஜீன்ஸ் போட்டால் மூளை குறைந்துவிடாது. ஆனால் போட்டி நடந்துகொண்டிருக்கும்போதே, சத்தம் வந்த திசையைப் பார்த்துத் தளர்த்தினால் அது மாறுகொளக் கூறல். காலணியை மாற்றிக்கொண்டு வந்த மனுஷன் என்ன நினைத்திருப்பார்? ரேட்டிங் பட்டியலில் ஐநூறாவது இடத்தில் இருக்கிற ஒருவர் அதே ஜீன்ஸில் வந்திருந்தால் தலைவர் அறிக்கை எழுதியிருப்பாரா?

நம் பிள்ளைகளுக்கு நேராகப் பட்டது வேறொன்று. 2024 மார்ச் 1ஆம் தேதி ஃபிடே ரேட்டிங் முறையை மாற்றியது. கீழ் வரம்பு ஆயிரத்திலிருந்து 1400 ஆனது. 2000க்குக் கீழே இருந்தவர்களுக்கு, 2000க்கு எவ்வளவு குறைவோ அதில் நூற்றுக்கு நாற்பதை ஒரே தடவையாகக் கூட்டிவிட்டார்கள். 1500 இருந்த பிள்ளை படுக்கையிலிருந்து எழுந்தபோது 1700. 1000 இருந்தது 1400. எல்லோருக்கும் ஏறியதால் யாரும் யாரையும் முந்தவில்லை. காரணம் சரியானதுதான், கீழ் மட்டத்தில் எண்கள் இறங்கிக்கொண்டே போயின, அதைச் சரி செய்தார்கள். விளக்கமும் அவர்களுடைய இணையதளத்தில் இருந்தது. ஆனால் பெற்றோர் இணையதளமா பார்க்கிறார்கள்? கைபேசியில் படமும் வீடியோவுமாக ஓடுகிற ஓட்டத்தில் இப்படிப்பட்ட செய்தி ஒரு பகல் தாங்காது. எங்கள் கட்டடத்தில் ஒரு குடும்பம் வீடு வீடாகப் பேடா கொடுத்தது. நான் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, ஒரு வாரம் கழித்துத்தான் காகிதத்தில் கணக்குப் போட்டுக் காட்டினேன். சாம்பியன் சிரிக்கிற படத்தை ஏழு தடவை போடுவது கூறியது கூறல். அந்த ஏழில் இரண்டைக் குறைத்து இந்தக் கணக்கை ஒரு உதாரணத்தோடு போட்டிருந்தால் உலகம் பூராவும் பல வீட்டில் பேடா மிச்சமாகியிருக்கும்.

சிரிப்பதற்கு இடமில்லாத விஷயம் ஒன்று உண்டு. டேனியல் நரோடிட்ஸ்கி என்று ஒரு அமெரிக்க கிராண்ட்மாஸ்டர். வீடியோ மூலமாக ஆயிரக்கணக்கானவர்களுக்குச் சதுரங்கம் சொல்லிக்கொடுத்தவர். மும்பைப் பிள்ளைகளும் அவரிடம் பாடம் கேட்டிருக்கிறார்கள். முன்னாள் உலகச் சாம்பியன் விளாடிமிர் கிராம்னிக், இவர் இணைய ஆட்டத்தில் ஏமாற்றுகிறார் என்று சாடையாகவும் நேராகவும் சமூக ஊடகத்தில் ஏறக்குறைய ஒரு வருஷம் எழுதிக்கொண்டே இருந்தார். நரோடிட்ஸ்கி மறுத்தார். 2025 அக்டோபரில் இறந்துபோனார். வயசு 29. மரணத்தையும் அந்தப் பதிவுகளையும் நான் முடிச்சுப் போடவில்லை, அது நம் வேலையல்ல. நம் கேள்வி சம்மேளனத்தைப் பற்றியது. கிராம்னிக்கின் பேச்சை ஒழுங்குக் குழுவின் பார்வைக்கு அனுப்புவதாக ஃபிடே தலைவர் அறிவித்தது அந்த மரணத்துக்குப் பிறகு. நிர்வாகம் முறைப்படி புகார் கொடுத்தது நவம்பரில்.

எங்கள் சமயத்தில் ஐந்து சமிதிகளில் ஒன்று பாஷா சமிதி. பேச்சில் ஜாக்கிரதை என்று பொருள். ஹிதமாக, மிதமாக, பிரியமாகப் பேசவேண்டும் என்பார்கள். அதோடு மூன்று குப்திகளில் வசன குப்தி, அதாவது வாக்கை அடக்கிக் காப்பது. இரண்டையும் சேர்த்துப் படிக்கவேண்டும் என்பது என் எண்ணம். வாக்கை அடக்கு என்று சொன்ன அதே ஆசிரியர்கள்தான் ஹிதமாகப் பேசு என்றும் சொன்னார்கள். ஒருத்தர் வாயால் இன்னொருத்தர் துன்பப்படுகிறபோது, தடுக்க அதிகாரம் உள்ளவர் பேசாமல் இருப்பது குப்தி ஆகாது. அந்த ஒரு வருஷத்தில் ஃபிடே பக்கங்களில் எத்தனை பிறந்தநாள் வாழ்த்து, எத்தனை பழைய புகைப்படம்! வாய் இல்லாமலா போயிற்று? மிகைபடக் கூறலும் குன்றக் கூறலும் ஒன்றுக்கொன்று எதிர் என்று நான் பையனாக இருந்தபோது வாத்தியார் சொல்லிக்கொடுத்தார். இங்கே பார்த்தால் இரண்டும் ஒரே ஆளிடம் கூட்டுக் குடித்தனம் பண்ணுகின்றன.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. என் பேரனே சொன்னான்: “தாத்தா, நாலு பேர் பார்த்தால்தான் ஸ்பான்சர் வருவான். ஸ்பான்சர் வந்தால்தான் பரிசுப் பணம். மீம்ஸ் போடாமல் சும்மா விதியை மட்டும் போட்டால் யார் பார்ப்பாங்க?” நியாயம்தான். கடைக்காரன் நான், விளம்பரம் வேண்டாம் என்று சொல்வேனா? இரண்டையும் பிரித்து வையுங்கள் என்றுதான் சொல்கிறேன். படமும் பாட்டும் ஒரு பக்கத்தில் ஓடட்டும். விதி மாற்றம், அபராதம், புகார், விசாரணையின் நிலை, தீர்ப்பு இவற்றுக்குத் தனியாக ஒரு பக்கம், அதில் சிரிப்பு முகம் ஒன்றுகூட இல்லாமல், தேதி போட்டு வரட்டும். ஃபிடே மாதம் பிறந்ததும் வெளியிடுகிற ரேட்டிங் பட்டியலைப் பாருங்கள். பேர், நாடு, எண். புகழ்ச்சி இல்லை, இகழ்ச்சி இல்லை. குகேஷுக்கும் தாராவிப் பிள்ளைக்கும் ஒரே அளவு எழுத்து. அந்தச் சம்மேளனம் எழுதுகிறவற்றில் எனக்கு மிகவும் பிடித்த நூல் அதுதான்.

இந்தக் குற்றங்களைக் காண லோசான் வரை போகவேண்டியதும் இல்லை. போன வருஷம் நம் பக்கத்தில் ஒரு சங்கம் பிள்ளைகளுக்குச் சதுரங்கப் போட்டி வைத்தது. பேர் வேண்டாம். அன்று மாலைக்குள் வாட்ஸ்அப்பில் பதினேழு படம் வந்தது. பதினொன்றில் பொன்னாடை, நாலில் குத்துவிளக்கு, இரண்டில் சாப்பாட்டுப் பந்தி. பத்து வயசுக்குட்பட்டவர்களில் மூன்றாம் பரிசு யாருக்கு என்பதில் இரண்டு பிள்ளைகளுக்கு ஒரே புள்ளி, தகராறு. அதை எப்படித் தீர்த்தார்கள் என்று ஒரு வரியும் வரவில்லை. அதில் ஒரு பையனின் தாத்தா எனக்குத் தெரிந்தவர். நாலாம் நாள் கடைக்கு வந்து, “உங்களுக்கு ஏதாவது தெரியுமா?” என்று கேட்டார்.